வேலூர் ஹாலுக்கு நிறம்: கார்ப்பெட் முதலிலா, சுவர் முதலிலா?

#1 சத்துவாச்சாரி_ஹால்

எல்லாருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில் தரைத்தள வீடு, கட்டி இருபது வருடம். ஹாலுக்குப் பெயின்ட் அடிக்கணும், கூடவே ஒரு கார்ப்பெட்டும் வாங்கணும்.

ஹால் கிழக்கு மேற்காக 16 அடி, வடக்கு தெற்காக 12 அடி, உயரம் 10 அடி. மேற்கில் 5க்கு 4 ஜன்னல், வடக்கில் 4க்கு 4 ஜன்னல். தலைவாசல் மூன்றரைக்கு ஏழு. உள்கதவு இரண்டும் மூன்றுக்கு ஏழு. தரை ஐவரி நிற விட்ரிஃபைடு டைல்ஸ், பளபளப்பு ரகம். டான் நிற (வெளிர் பழுப்பு) தோல் சோபா வடக்குச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது, எதிரே தெற்குச் சுவரில் டி.வி. சுவரில் இப்போது இருப்பது பழைய டிஸ்டெம்பர், இளம்பச்சை. தெற்குச் சுவரின் கிழக்கு மூலையில், கீழே ஒன்றரை அடிக்கு உப்பு பூத்து உதிர்கிறது. அதற்குப் பின்பக்கம் பாத்ரூம்.

எதை முதலில் எடுப்பது? அடர் நிறக் கார்ப்பெட்டில் தூசி தெரியாது என்கிறார்களே, சரிதானா? பெயின்ட் எத்தனை லிட்டர்? பெயின்டர் பத்து நாளில் வருகிறார்.

#2 ஊடும்பாவும்

கார்ப்பெட்டை முதலில் எடுங்க. பெயின்ட் கடையில் மெஷினில் கலக்கித் தருகிற ஷேடுகளுக்குக் கணக்கே இல்லை. பிடித்த ஷேடையே பாதி வெளுப்பாகக் கேட்டாலும் கிடைக்கும். கார்ப்பெட் அப்படி இல்லை. உங்கள் அளவில், உங்கள் விலையில் ஒரு கடையில் பத்துப் பதினைந்து உருப்படி இருந்தாலே அதிகம். சுவரை முதலில் அடித்துவிட்டால் அந்தப் பதினைந்தில் ஒத்துப்போவது ஒன்றிரண்டுதான். டைல்ஸும் சோபாவும் மாறப்போவதில்லை. அவற்றுக்கு ஏற்ற கார்ப்பெட், கார்ப்பெட்டுக்கு ஏற்ற சுவர், இதுதான் வரிசை.

அளவு: மூன்று பேர் உட்காரும் சோபா ஏறக்குறைய 7 அடி நீளம் இருக்கும். கார்ப்பெட் இரு பக்கமும் அரையடி தாண்டணும், அதனால் 8 அடி. அகலத்துக்குக் கணக்குப் பார்ப்போம். 12 அடியில் சோபா 3 அடி, டி.வி. பலகை ஒன்றரை அடி போக மிச்சம் ஏழரை அடி. சோபாவின் முன்கால் 8 அங்குலம் கார்ப்பெட் மேல் ஏறி நிற்கணும். 5 அடி அகலம் எடுத்தால் டி.வி. பக்கம் 3 அடி 2 அங்குலம் நடைபாதை கிடைக்கும். 6க்கு 9 எடுத்தால் பாதை 2 அடி 2 அங்குலமாகச் சுருங்கி, நடக்கிற கால் கார்ப்பெட் ஓரத்திலேயே படும். ஓரம்தான் முதலில் பிரியும். 5க்கு 8 போதும். 4க்கு 6 வேண்டாம், 16 அடி ஹாலில் அது மிதியடி மாதிரி நிற்கும்.

தூசி விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது நேர்மாறு. நம்ம ஊர் தூசி வெளிர் பழுப்பு. பாலாற்று மணலும் ரோட்டுப் புழுதியும் கலந்த நிறம். அரக்கு, கருநீலம், கறுப்பு மேல் அது சுண்ணாம்புப் பொடி தூவினாற்போல் தெரியும். துணி நூல், தலைமுடி எல்லாம் சேர்ந்து தெரியும். ஐவரி, கிரீம் எடுத்தால் தூசி தெரியாது, ஆனால் பாத அழுக்கும் காபிக் கறையும் தெரியும். இரண்டுக்கும் நடுவான கோதுமை, சணல், காய்ந்த மண், சாம்பல்பச்சை போன்ற நிறங்களில், ஒரே நிறமாக இல்லாமல் இரண்டு மூன்று நூல் கலந்த நெசவாகப் பாருங்க. அதுதான் மறைக்கும்.

இழை உயரம் 10 மி.மீ.க்கு மேல் போகாதீங்க. நீள இழை ரகம் கையில் மெத்தென்று இருக்கும், ஆனால் ஆடிக்காற்று மாதத்தில் புழுதி அடிவரை இறங்கிவிடும். வாக்குவம் போட்டாலும் மேல்பாதிதான் வரும்.

#3 நிழல்கோடு

மேற்கு ஜன்னலை யாரும் இன்னும் பேசவில்லை. ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து 3 அடி, மேல்மட்டம் 7 அடி என்று வைத்துக்கொள்வோம். மார்ச் மாதக் கடைசியில் மாலை நாலேகால் மணி வாக்கில் வேலூரில் சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது உள்ளே விழும் வெயில், மேற்குச் சுவரிலிருந்து 5 அடியில் தொடங்கி 12 அடி வரை தரையில் கிடக்கும். 2 அடி சன்ஷேட் இருந்தால் 10 அடியோடு நிற்கும். 16 அடி ஹாலின் நட்டநடு அது. உங்கள் கார்ப்பெட் விரிக்கப்போவதும் அங்கேதான். அதனால் நிறத்துக்கு முன் சாயம் கெட்டியா என்று பார்க்கணும். சூரியன் இன்னும் கீழே இறங்க இறங்க அதே வெயில் கிழக்குச் சுவரில் ஏறும்.

அந்தச் சாய்வெயில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்தது. சந்தன நிறம், மாம்பழ மஞ்சள் எல்லாம் கிழக்குச் சுவரில் மாலையில் மஞ்சள்தூளை அப்படியே பூசினது போல் எரியும். கடைக் கார்டில் கொஞ்சம் சாம்பல் கலந்து, 'உயிரில்லாமல்' தெரிகிற வெள்ளைதான் அங்கே சரியான கிரீமாக வந்து நிற்கும்.

இன்னொன்று. வடக்கு அறை எப்போதும் குளிர்ந்த நீல வெளிச்சம் என்று வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்துச் சொல்வார்கள். நம்ம ஊருக்கு அது முழுக்கப் பொருந்தாது. வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் வரும். ஆக உங்கள் வடக்குச் சுவருக்கென்று தனியாக 'சூடான' நிறம் தேடவேண்டியதில்லை.

ஜன்னல் இருக்கும் சுவரை அடர்த்தியாக அடிக்காதீங்க. பகலில் வெளிச்சம் விழாத சுவர் அதுதான், இயல்பாகவே இருட்டாகத் தெரியும். அதை மேலும் கறுக்கவிட்டால் ஜன்னல் கண்ணைக் கூசும்.

#4 மலையடிவாரம்

நிழல்கோடு சொல்வதில் ஒரு சேர்க்கை. வெள்ளைச் சுவர் ஹாலைக் குளிர்ச்சியாக்கும் என்று நினைத்து வெள்ளைக்குப் போகவேண்டாம். வெக்கையைத் தீர்மானிப்பது மொட்டைமாடியும் மேற்குச் சுவரின் வெளிப்பக்கமும். அங்கே வெள்ளை அடித்தால் பலன் உண்டு. உள்ளே எந்த நிறமானாலும் சூடு அதே சூடுதான். உள்நிறம் வெளிச்சத்துக்காக மட்டும்.

டி.வி. இருக்கும் தெற்குச் சுவரை அரக்கு நிறத்தில் அடித்தால் எடுப்பாக இருக்கும் என்பது என் கருத்து.

#5 டின்டிங்மேசை

டி.வி. சுவர் கொஞ்சம் அடர்த்தியாக இருப்பது நல்லதுதான், ராத்திரியில் திரைக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம் குறையும். ஆனால் இந்த ஹாலுக்கு அரக்கு வேண்டாம். மூன்று காரணம்.

டான் தோலுக்கு அடியில் இருப்பது ஆரஞ்சு. எதிரே சிவப்பு நிறுத்தினால் இரண்டும் முட்டும், சோபா மங்கும். அடுத்தது டைல்ஸ். பளபளப்பு ஐவரி தரை கண்ணாடி மாதிரி, 16 அடிச் சுவரின் அரக்கு தரையில் விழுந்து, அங்கிருந்து எதிர்ச்சுவரின் கீழ்ப்பாதியில் இளஞ்சிவப்பாக ஏறும். வெள்ளை அடித்த வடக்குச் சுவர் ஏன் ரோஸாகத் தெரிகிறது என்று பெயின்டரைக் கேட்பார்கள், அவருக்கும் புரியாது. மூன்றாவது மூடுதிறன். பளிச்சென்ற சிவப்பு, அரக்கு, எலுமிச்சை மஞ்சள் இவற்றில் சேர்க்கும் சாயம் பாதி ஊடுருவித் தெரியும் ரகம். வெள்ளைப் பிரைமர் (அடிப்பூச்சு) மேல் இரண்டு கோட்டில், அதாவது இரண்டு முறை அடிப்பதில், மூடாது, திட்டுத்திட்டாக நிற்கும். மூன்று கோட்டு வேணும், அடியில் சாம்பல் கலந்த பிரைமர் வேணும்.

டான் பக்கத்தில் நிம்மதியாக நிற்பவை சாம்பல்பச்சையும் மங்கிய நீலமும். டி.வி. சுவருக்குச் சாம்பல்பச்சை, காய்ந்த வேப்பிலை நிறம் என்று சொல்லலாம். மற்ற மூன்று சுவருக்கும் சாம்பல் கலந்த ஆஃப் ஒயிட். ஷேடு கார்டுகளில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும், வெளிச்சத்தை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதன் அளவு. 0 என்றால் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. மூன்று சுவருக்கு 70 முதல் 75. டி.வி. சுவருக்கு 35 முதல் 40, அதற்குக் கீழே இறங்காதீங்க. 80க்கு மேல் போனால் மேற்கு வெயில் நேரத்தில் டைல்ஸும் சுவரும் சேர்ந்து கண்ணில் குத்தும்.

அடிநிறம் கண்டுபிடிக்க ஒரே வழி ஒப்பிடுவது. கார்டை ஒரு வெள்ளை ஏ4 தாள் மேல் வையுங்க. தனியாகப் பார்த்தபோது வெள்ளையாக இருந்தது தாள் மேல் ரோஸா, பச்சையா, மஞ்சளா என்று காட்டிக்கொடுக்கும். உங்கள் ஐவரி டைல்ஸ் மேலும் அதே கார்டை வையுங்க. டைல்ஸ் மஞ்சள் பக்கம் சாய்ந்தது, ரோஸ் பக்கம் சாய்ந்த வெள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்தினால் டைல்ஸ் அழுக்காகத் தெரியும். சுவர் நன்றாக இருந்தும் தரை பழசாகிவிட்டது என்று நிறையப் பேர் குறைப்படுவது இதனால்தான்.

கணக்கு: சுற்றளவு 56 அடி, உயரம் 10, ஆக 560 சதுரடி. கதவு ஜன்னல் எல்லாம் சேர்ந்து 102.5. கழித்தால் 457.5 சதுரடி. பட்டி (சுவரைச் சமமாக்கும் மாவுப் பூச்சு) பார்த்த வழவழப்பான சுவரில் நல்ல எமல்ஷன் (தண்ணி கலந்து அடிக்கும் பெயின்ட்) ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு 110 சதுரடி வரும் என்று வையுங்க. டப்பாவில் அதிகமாகப் போட்டிருக்கும், அது சோதனைச்சாலைச் சுவருக்கான எண். தெற்குச் சுவர் 16க்கு 10. அதில் உள்கதவு ஒன்று இருந்தால் 139 சதுரடி, மூன்று கோட்டுக்கு 2 லிட்டர் வாங்குங்க. மிச்சம் 318 சதுரடிக்கு 3 லிட்டருக்குக் கொஞ்சம் கீழே, 4 லிட்டர் டப்பா ஒன்று எடுத்தால் தொட்டுப் பூசவும் மிஞ்சும். டின்டிங் பேஸ், அதாவது சாயம் சேர்க்கும் முன் உள்ள பெயின்ட், டப்பாவில் முழு லிட்டர் இருக்காது. சாயத்துக்கு இடம் விட்டுத்தான் அடைத்திருப்பார்கள். வெளிர் ஷேடில் சாயம் குறைவு, அதனால் கைக்கு வருவதும் சற்றுக் குறையும். மிச்சம் வைத்து வாங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

#6 சத்துவாச்சாரி_ஹால்

ரொம்ப நன்றி. டி.வி. சுவரில் உள்கதவு ஒன்று இருக்கிறது, சரியாகவே ஊகித்தீர்கள். அந்த உப்புப் பூத்த மூலையும் அதே சுவரில்தான். அதைச் சுரண்டி, டேம்ப் பெயின்ட் ஒன்று அடித்து மூடிவிடலாம் என்று பெயின்டர் சொல்கிறார்.

#7 பட்டிக்கரண்டி

மூடாதீங்க சார். மூடினால் ஆறு மாசத்தில் அந்த டேம்ப் பெயின்டையே உப்பு பின்னாலிருந்து தள்ளி, அப்பளம் மாதிரி எடுத்துவிடும். உள்ளே தண்ணி வந்துகொண்டே இருக்கிற வரைக்கும் மேலே எதைப் பூசினாலும் நிற்காது. தண்ணி காயும்போது உப்பு மேலே வந்து படிகமாகிறது, அந்தப் படிகம் விரிகிற வேகம்தான் பூச்சை உடைக்கிறது. போர்த்தண்ணியில் கட்டிய வீடுகளில் உப்பு சுவருக்குள்ளேயே கிடக்கிறது, கசிவு கிடைத்தால் போதும்.

முதலில் தண்ணி எங்கேயிருந்து என்று பாருங்க. தரையிலிருந்து ஓதம் ஏறுவதாக இருந்தால் சுவர் நெடுக, ஒரே மட்டத்தில் கோடு போட்டது மாதிரி வரும். உங்களுக்கு மூலையில் மட்டும், பின்னால் பாத்ரூம். ஆக அது கசிவாகத்தான் இருக்கும். அந்த பாத்ரூமை நாலு நாள் பூட்டி வையுங்க. மூலை வெளுத்துக் காய ஆரம்பித்தால் தரை டைல்ஸ் இடுக்கு, நஹானி டிராப் (தரைத் தண்ணி வடியும் வாய்) சுற்றுவட்டம் இரண்டில் ஒன்று. பூட்டியும் ஈரம் குறையவில்லை என்றால் சுவருக்குள் போகும் பைப். அதற்கு பிளம்பரிடம் பிரஷர் டெஸ்ட் கேளுங்க.

சந்தேகம் இருந்தால் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்க, ஒரு நாள் விட்டுப் பாருங்க. தாளின் சுவர்ப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணி நின்றால் ஈரம் சுவருக்குள். அறைப்பக்கம் நின்றால் காற்றில் உள்ள ஈரம்.

கசிவை அடைத்தபின், உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்க. தண்ணி விட்டுக் கழுவக்கூடாது, உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போகும். ஈரம் தெரியும் இடத்துக்கு மேலே இன்னும் ஓரடி சேர்த்துப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, சிமெண்ட் 1க்கு மணல் 4 கலவையில், ஒரு மூட்டை சிமெண்டுக்கு 200 மி.லி. வாட்டர்புரூஃபிங் திரவம் சேர்த்துப் பூசுங்க. ஏழு நாள் தண்ணி காட்டணும். மொத்தம் 28 நாள் போகாமல் பட்டி கூடாது. புதுப்பூச்சின் காரம் சாயத்தைத் தின்றுவிடும், குறிப்பாக நீலமும் ஊதாவும் திட்டாக வெளுக்கும்.

பத்து நாளில் பெயின்டர் வருகிறார் என்றால் மூன்று சுவரையும் இப்போது முடிக்கச் சொல்லுங்க. தெற்குச் சுவரை அந்த மூலையிலிருந்து இந்த மூலை வரை முழுசாக ஒரு மாசம் கழித்து அடிக்கலாம். பாதிச் சுவர் இப்போ, மீதி அப்புறம் என்று மட்டும் செய்யாதீங்க. ஒட்டுப்போட்ட இடம் சாகும்வரை தெரியும்.

#8 நிழல்கோடு

இதில் நல்லதும் இருக்கிறது. தெற்குச் சுவரைத்தான் வேறு நிறம் அடிக்கப்போகிறார், அதனால் ஷேடு வித்தியாசம் என்ற பிரச்சினையே எழாது. கார்ப்பெட்டை விரித்துவிட்டு, மூன்று வெள்ளைச் சுவரோடு ஒரு மாதம் பார்த்துவிட்டு அந்தச் சாம்பல்பச்சையை முடிவு செய்யலாம்.

#9 பட்டிக்கரண்டி

ஆமா. மூன்று சுவர் வேலை எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், நிறத்தைவிட இதில்தான் காசு வீணாகிறது.

டிஸ்டெம்பர் மேல் எமல்ஷன் நேரடியாக அடிக்கக்கூடாது. செல்லோ டேப் ஒரு துண்டு சுவரில் அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிடுங்குங்க. டேப்பில் பச்சைப் பொடி ஒட்டிவந்தால், அதன் மேல் அடிக்கிற எதுவும் அந்தப் பொடியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும், சுவரை அல்ல. ஸ்பாஞ்சால் நனைத்து, பத்து நிமிஷம் ஊறவிட்டுத் தகடால் சுரண்டணும். முழுசாக. டேப் சுத்தமாக வரும்வரைக்கும்.

அப்புறம் சிமெண்ட் பட்டி. 457 சதுரடிக்கு இரண்டு கோட்டு, கிலோவுக்கு 13 சதுரடி என்றால் 35 கிலோ, 40 கிலோ மூட்டை ஒன்று. தெற்குச் சுவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் மூட்டையைப் பிரித்தபின் ஒரு மாசம் வைத்தால் காற்றில் ஈரம் பிடித்துக் கட்டியாகும். 20 கிலோவும் 5 கிலோவுமாக வாங்கி இப்போது 25 கிலோவோடு நிறுத்துங்க, மீதியை அப்புறம் புதிதாக வாங்கிக்கலாம். கிலோவுக்கு 360 முதல் 400 மி.லி. தண்ணி, பத்து நிமிஷம் நன்றாகப் பிசையணும், இரண்டு மணி நேரத்தில் தீர்க்கணும். இறுக ஆரம்பித்ததும் தண்ணி ஊற்றி இளக்குகிற பழக்கம் உண்டு, அந்த இடம்தான் பிற்பாடு பொடியும். பூசும் முன் சுவரை நனைக்கணும். நம்ம ஊர் வெயிலில் காய்ந்த சுவர் பட்டியிலுள்ள தண்ணியை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே சிமெண்ட் இறுகாமலே காய்ந்துபோகும். இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மி.மீ. தாண்டாதீங்க, தாண்டினால் முடி மாதிரி மெல்லிய வெடிப்பு விழும்.

சிமெண்ட் பட்டிக்கு அடியில் பிரைமர் வேண்டாம், மேலேதான். அக்ரிலிக் பட்டியானால் அடியிலும் வேணும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். எமரி தேய்த்தபின் தூசியைத் துணியால் துடைத்துவிட்டுப் பிரைமர்.

எமல்ஷனில் தண்ணி 40 சதவீதத்துக்கு மேல் ஊற்றவிடாதீங்க. லிட்டருக்கு 400 மி.லி., அளவுக் குவளை வைத்து ஊற்றணும். உப்புத்தண்ணி வேண்டாம், குடிக்கிற தண்ணி. காலை பத்து மணிக்குள்ளும் சாயங்காலம் நாலு மணிக்கு மேலும் அடியுங்க, மேற்குச் சுவரைக் காலையிலேயே முடியுங்க. பகல் வெக்கையில் ரோலர் ஓட்டின விளிம்பு அடுத்த ஓட்டு வருவதற்குள் காய்ந்து, பட்டைப் பட்டையாகக் கோடு விழும். ஃபேன் நிறுத்தியே இருக்கட்டும். கோட்டுக்குக் கோட்டு நாலு மணி நேரம்.

#10 ஆற்காட்டு_வாசகி

அதே தலைப்பு என்பதால் இங்கேயே கேட்கிறேன். ஆற்காட்டில் ஓட்டு வீடு, கூடம் 10க்கு 14. தரை சிவப்பு ஆக்சைடு. சுவர் சுண்ணாம்பு, பல தலைமுறைப் பூச்சு. கார்ப்பெட்டுக்குப் பதிலாக வந்தவாசிக் கோரைப்பாயோ பவானி ஜமுக்காளமோ போடலாம் என்று எண்ணம். எமல்ஷன் அடித்தால் சுவர் உரிகிறது என்கிறார்கள். என்ன நிறம், எப்படி?

#11 பட்டிக்கரண்டி

உரியத்தான் செய்யும்மா. சுண்ணாம்பு அடுக்கு ஒன்றின் மேல் ஒன்றாகத் தளர்வாக நிற்கிறது. எமல்ஷன் மேலே தோல் மாதிரி படிந்து, காயும்போது சுருங்கி, அந்த அடுக்கையே பிடுங்கிக்கொண்டு வரும். அதுவும் பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் இருந்தால் சுண்ணாம்பிலேயே தொடருங்க. உதிர்கிறதை மட்டும் சுரண்டிவிட்டு, சுவரை நனைத்து, மெல்லிசாக மூன்று கோட்டு அடியுங்க. கெட்டியாக ஒரே கோட்டு அடித்தால் பொடிந்து உடம்பில் ஒட்டும்.

நிறம் சேர்க்கணும் என்றால் சுண்ணாம்புக் காரம் தாங்குகிற மண்நிறங்கள் மட்டும்: மஞ்சள் காவி, செங்காவி. சுண்ணாம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் கையில் ஒட்டும். சலவை நீலப் பொடி துளி சேர்த்தால் வெள்ளை பளிச்சென்று வரும், அதுவும் காரம் தாங்கும். ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்பு ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிந்து காய்ந்ததும் பல மடங்கு வெளுக்கும். எமல்ஷன் நேர் எதிர், ஈரத்தில் பால் கலந்தாற்போல் வெளுப்பாகத் தெரிந்து, காய்ந்தால் ஒரு படி கறுக்கும். இரண்டிலும் மறுநாள் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

#12 ஊடும்பாவும்

சிவப்பு ஆக்சைடு தரையே ஒரு கார்ப்பெட்தான், அம்மா. கூடத்தில் கனமான நிறம் ஏற்கனவே கீழே விரிந்து கிடக்கிறது. அதன் மேல் பவானி ஜமுக்காளம் என்றால் சிவப்புப் பட்டை உள்ளதை ஒதுக்குங்க, தரைச் சிவப்போடு ஒட்டாமலும் விலகாமலும் நிற்கும். பச்சை, கருநீலம், வெள்ளைப் பட்டைகள் கலந்ததாகப் பாருங்க. பட்டைகள் அழுத்தமானவை, அதனால் சுவர் ஒரே நிறமாக, பூ வேலை எதுவும் இல்லாமல் இருக்கட்டும். கோரைப்பாய் என்றால் சாயம் போடாத இயல்பு நிறம். சிவப்புத் தரை மேல் அந்த வெளிர் மஞ்சள் வந்து உட்காருவது போல் வேறு எதுவும் உட்காராது. மஞ்சள் காவி துளி கலந்த சுண்ணாம்புச் சுவர் அதற்குப் போதும்.

கோரையை மழைக்காலத்தில் தரையோடு விட்டுவைக்காதீங்க, அடியில் பூசணம் கறுப்புப் புள்ளி வைக்கும். சுருட்டி நிறுத்தி வையுங்க.

#13 சத்துவாச்சாரி_ஹால்

கசிவு டைல்ஸ் இடுக்கோ நஹானி டிராப் சுற்றுவட்டமோதான், பாத்ரூமைப் பூட்டியதில் தெரிந்தது. பூச்சு கொத்தப் போகிறோம். மூன்று சுவர் முதலில், தெற்குச் சுவர் அப்புறம். கார்ப்பெட்டில் இரண்டைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று பாலிபுரோப்பிலீன், கோதுமை நிறத்தில் நீலக் கோடு. இன்னொன்று பருத்தி, சணல் நிறத்தில் சாம்பல்பச்சைக் கட்டம். எது? சுவரில் நேரடியாகச் சாம்பிள் அடித்துப் பார்க்கலாமா?

#14 டின்டிங்மேசை

சுவரில் அடிக்காதீங்க. பழைய பச்சைக்கு நடுவில் எந்த வெள்ளையும் ரோஸாகத் தெரியும், சாம்பிளின் விளிம்பும் பிற்பாடு மேடாக நிற்கும். 2 அடிச் சதுரச் சார்ட் அட்டை வாங்குங்க. சுற்றிலும் இரண்டு அங்குலம் வெள்ளை விட்டு, நடுவில் இரண்டு கோட்டு அடித்து ஒரு நாள் காயவிடுங்க. ஒரு ஷேடுக்கு ஓர் அட்டை, மூன்று ஷேடுக்கு மேல் வேண்டாம். அட்டையைப் படுக்கவைத்துப் பார்க்கக்கூடாது, சுவரோடு நிறுத்தணும். படுத்த பரப்பில் வெளிச்சம் அதிகம் விழும், ஷேடு ஒன்றிரண்டு படி வெளுத்துத் தெரியும். கார்ப்பெட் துண்டையோ கார்ப்பெட்டையே ஒரு நாள் கேட்டு வாங்கியோ அட்டையின் அடியில் தரையில் விரியுங்க. கிழக்குச் சுவரில் காலை 9, மதியம் 1, மாலை 5. தெற்குச் சுவரிலும் அதே. ராத்திரி லைட் போட்டு ஒருமுறை.

அந்த ராத்திரிப் பார்வைக்கு முன் பல்பை முடிவு செய்யணும். லாங் பஜாரில் ஆகட்டும், ஆற்காடு ரோட்டில் ஆகட்டும், கடைகளில் எரிவது பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை டியூப் (கெல்வின் எண் கூடக் கூட வெளிச்சம் நீலம் பக்கம் போகும்). அதன் கீழ் கிரீம் சாம்பலாகவும், டான் தோல் மண்ணாகவும் தெரியும். வீட்டில் 4000 கெல்வின் போடுங்க, நிறம் காட்டும் எண் (சி.ஆர்.ஐ.) 90 உள்ளதாக. உங்கள் 192 சதுரடிக்கு 3500 முதல் 4000 லூமன் போதும், 9 வாட் பல்பு நாலு. ஹாலில் ஒரு பக்கம் 3000, மறுபக்கம் 6500 என்று கலந்து மாட்டினால் ஒரே சுவர் இரண்டு நிறமாகத் தெரியும், அதற்குப் பெயின்ட் பொறுப்பாகாது.

பளபளப்பு: மூன்று சுவருக்கும் மென்பளபளப்பு, அதாவது சாஃப்ட் ஷீன். மேற்கு வெயில் சாய்வாகப் படும் கிழக்குச் சுவரில் சாட்டின் போட்டால் பட்டியின் ஒவ்வொரு மேடு பள்ளமும் நிழல் விட்டுக் காட்டும். பூஜை அலமாரி ஹாலில் இருந்தால் அதைச் சுற்றி மட்டும் சாட்டின், எண்ணெய்ப்புகையைத் துடைக்கலாம்.

#15 ஊடும்பாவும்

மேற்கு வெயில் நேராக விழும் இடம் என்பதால் இரண்டுக்கும் வேறு வேறு சோதனை.

பாலிபுரோப்பிலீனில் நூல் இழுக்கும்போதே நிறத்தைக் கலந்துவிடுகிறார்கள், அதனால் சாயம் வெளுக்காது. ஆனால் நூலே வெயிலில் நொறுங்கும். வெயில் தாங்க மருந்து சேர்த்ததா என்று கேளுங்க. எண்ணெய்க் கறை அதில் ஒட்டினால் விடாது.

பருத்தியில் சாயம்தான் எல்லாம். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, பச்சைக் கட்டத்தின் மேல் பத்துமுறை அழுத்தித் தேயுங்க. துணியில் பச்சை ஏறினால் விட்டுவிடுங்க, முதல் சலவையிலேயே சணல் நிறத்தில் பச்சை கசியும். ஏறவில்லை என்றால் உங்களுக்கு நான் பருத்தியைத்தான் சொல்வேன். சாம்பல்பச்சைக் கட்டம் டி.வி. சுவரின் நிறத்தைத் தரையில் கொண்டுவந்து சேர்க்கும், நடுவில் டான் சோபா தனியாக நிற்கும். நீலக் கோடு உள்ளதை எடுத்தால் டி.வி. சுவரையும் மங்கிய நீலத்துக்கு மாற்றணும், பச்சை அதோடு ஒத்துப்போகாது.

எதை எடுத்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுங்க, வெளுப்பது ஒரே சீராக இருக்கும். அடியில் ரப்பர் பால் ஒட்டிய ரகம் வேண்டாம், நம்ம ஊர் வெக்கையில் சில வருடத்தில் பொடியாகி டைல்ஸில் மாவு மாதிரி கொட்டும். தனியாக வழுக்காத வலைப்பாய் வாங்கி, கார்ப்பெட்டைவிட நாலு பக்கமும் ஓர் அங்குலம் குறைத்து வெட்டிப் போடுங்க. பளபளப்பு டைல்ஸ் மேல் இது கட்டாயம், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இன்னும் கட்டாயம்.

துவைக்கப் போர்த்தண்ணி என்றால் சோப்பு கொஞ்சமாக. கடின நீரில் சோப்பு திரிந்து நூலிடுக்கில் தங்கிவிடும், காய்ந்ததும் பருத்தி அட்டை மாதிரி விறைக்கும், அந்தப் பிசுக்கில் புழுதியும் வேகமாகப் பிடிக்கும். கடைசி அலசலுக்கு நல்ல தண்ணி இரண்டு குடம் வைத்துக்கொள்ளுங்க.

மஞ்சள், குங்குமம் விழுந்தால் உடனே சோப்புப் போடக்கூடாது. சோப்பின் காரம் பட்டதும் மஞ்சள் ஆரத்தித் தண்ணி மாதிரி சிவக்கும். பொடியை முதலில் உதறி, வெறும் தண்ணியில் ஒற்றி எடுத்து, எலுமிச்சை ஒரு மூடி பிழிந்த தண்ணி தொட்டால் சிவப்பு திரும்ப மஞ்சளாகும். அப்புறம் மொட்டைமாடி வெயில். மஞ்சளின் நிறம் வெயில் தாங்காது, இரண்டு மூன்று நாளில் போகும். குங்குமத்துக்கு இது செல்லாது, அதில் வேறு சாயம் கலந்திருக்கும்.

#16 பட்டிக்கரண்டி

தெற்குச் சுவர் பூச்சு முடிந்து 28 நாள் எண்ணும்போது மழை நாட்களைக் கணக்கில் சேர்க்காதீங்க. ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால் திரும்ப அந்த பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பாருங்க. போகிக்கு முன்னால் முடித்தாகணும் என்று மார்கழியில் ஈரச் சுவரில் அடித்த பெயின்ட்தான் இந்த ஊரில் அதிகம் உரிகிறது. தை பிறந்து காற்று உலர்ந்தபின் அடிக்கலாம்.

அந்த மூலைக்குக் காரம் தாங்கும் பிரைமர் கேட்டு வாங்குங்க. சோபா, டி.வி. பலகை எதையும் அந்த மூலையோடு ஒட்டிப் போடாமல் நாலு அங்குலம் இடைவெளி விடுங்க, காற்று ஓடட்டும்.

#17 டின்டிங்மேசை

தெற்குச் சுவருக்கான இரண்டு டப்பாவையும் ஒரே நாளில், ஒரே மெஷினில் கலக்கச் சொல்லி, அடிக்கும் முன் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கிளறிக்கொள்ளுங்க. டப்பாவுக்கு டப்பா கொஞ்சம் மாறும், கோட்டுக்கு நடுவில் டப்பா மாறினால் சுவரில் தெரியும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஷேடிலும் 200 மி.லி. கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி வையுங்க. பாட்டில் மேல் ஷேடு எண், பேஸ் எண், பளபளப்பு வகை, தேதி. கடை மூடிக்கு மேல் ஒட்டித் தரும் அந்தச் சின்ன ஸ்டிக்கரைக் கிழித்து, ஹால் சுவிட்ச்போர்டு மூடியின் உட்பக்கம் ஒட்டிவிட்டால் அடுத்த முறை தேடவேண்டாம். மெயினை அணைத்துவிட்டுத் திறங்க.

#18 சத்துவாச்சாரி_ஹால்

பருத்தியில் பச்சை ஏறவில்லை. 5க்கு 8 அதையே எடுத்துவிட்டேன். நாளை காலை 9 மணிக்கு அட்டை மூன்றையும் கிழக்குச் சுவரில் நிறுத்துகிறேன்.